நான் இழுக்காத கயிறு

லிங்கராஜபுரம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறியதுமே ரங்கநாதன் ஆரம்பித்துவிட்டான். "ஜப்பான்ல ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்தாக்கூட குனிஞ்சு எடுக்காம போகமாட்டாங்கடா சேஷகிரி." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழைய அரசாங்க பேக்டரியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாகவே அதை விட்டு, இந்த ஜப்பான் கார் கம்பெனிக்கு வந்தவர்கள் நாங்கள். அவனைவிட என் வெல்டிங் சுத்தம். அது அவனுக்கே தெரியும். ஆனாலும் ஜப்பானுக்கு நான்கு மாத டிரெய்னிங்குக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, மறைப்பானேன்? லைன் லீடர் வேலையும் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்று பேச்சு.

இங்கே ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். தப்பைக் கண்டவர் யாராக இருந்தாலும் இழுக்க வேண்டும், லைனே நின்றுவிடும். பழைய பேக்டரியில் மெஷினை நிறுத்தினால் மெமோதான் வரும். அந்த வியாழக்கிழமை ரங்கநாதன் முடித்து அனுப்பிய கதவுச் சட்டத்தில் இரண்டு இடத்தில் வெல்டிங் விழவில்லை. பார்த்தேன். கடைசியில் இன்ஸ்பெக்‌ஷனில் அவன் பெயரோடு மாட்டட்டும் என்று விட்டேன். அடுத்து அதே குறையோடு வந்த மூன்றையும் விட்டேன்.

திடீரென்று லைன் நின்றது. ரங்கநாதனே கயிற்றை இழுத்திருந்தான். "என் தப்புதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். தொலைந்தான் என்று நினைத்தேன். ஜப்பான்காரர் ஓகாவா ஓடிவந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அவன் முன்னால் குனிந்து நன்றி சொன்னார்! அப்புறம் என்னிடம் வந்து அவர் பாஷையில் ஏதோ கேட்டார். முகத்தில் கோபமே இல்லை.

"நாலு போயிருக்கே, நீ பாக்கலியான்னு கேக்கறாரு" என்றான் ரங்கநாதன்.

"பாக்கலை."

அவன் என்னையே ஒரு கணம் பார்த்தான். என் கண்ணுக்கு அது தப்பாது என்று அவனைவிடத் தெரிந்தவன் யார்? பிறகு ஓகாவாவிடம் நீளமாக ஏதோ சொன்னான். அவர் தலையாட்டிக்கொண்டே போனார்.

"என்னடா சொன்னே?"

"சும்னே இரு, வாயைத் தெறக்காதே. மேல இருக்கற லைட்டு உன் கண்ணு கூசுதுன்னு சொன்னேன்."

ஓகாவா ஒரு ஸ்டூலோடு திரும்பி வந்தார். லைன் முழுக்கக் காத்திருக்க, அவரே ஏறி என் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டைத் திருப்பத் தொடங்கினார். ரங்கநாதன் ஸ்டூல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.