நாற்பத்தொன்றாவது கையெழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் கற்பனையல்ல. நீதிமன்றத் தட்டச்சர் ஒருவர் பேருந்தில் அரை நிமிடத்தில் சொன்னது. அதை எழுத நான் இரண்டு மாதமாக முக்கிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “அரசியல் சாசனத்தின் முன் அனைவரும்…” அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது: ஒரு நர்ஸ் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்களில்— (கண்களை விடுங்கள்.) பூர்வகுடிப் பெண். வெளியாளைக் கட்டிக்கொண்டதால், அம்மா விட்டுப்போன வீட்டில் இனி அவள் குடியிருக்கக் கூடாது என்றது அவள் சனத்தின் வழக்கம். ஆளுக்கு ஆள் சமம் என்கிறது சாசனத்தின் ஒரு பிரிவு. பூர்வகுடிகள் தங்கள் நிலத்தைத் தங்கள் வழக்கப்படி ஆளலாம் என்கிறது இன்னொன்று. முதலாவதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டாள். எதிர்த்தரப்பில் நின்றவர், அவளைத் தூக்கி வளர்த்த தாய்மாமன்.

3

மாமனை வில்லனாக்கப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை.

“அந்த வீட்ட விட்டா எனக்கு ஏது மாமா போக்கிடம்?”

“உனக்குத் திறக்குற வழியில நாளைக்கு நிலம் வாங்குறவன் உள்ள வருவான். அப்புறம் யாருக்குமே வீடு இருக்காதும்மா.”

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். (யாராவது ஒருவர் பொய் சொன்னால் கதை எவ்வளவு சுலபம்!)

4

மாமன் கொடுத்த பதில் மனுவைப் புரட்டிய நீதிபதி நிமிர்ந்தார். அவளை வெளியே அனுப்பும் முடிவின் கீழே அவள் சனத்தாரின் நாற்பது கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கோடு, காலியாக.

“இது யாருக்கு?”

“அவளுக்குத்தாங்க ஐயா.”

“வழக்குப் போட்டதே அவங்கதானே?”

“இருந்தா என்னங்க? எல்லாரும் போடாம எங்ககிட்ட எதுவும் முடிவாகாது. அவ ஒத்துக்காம அவள எப்படிங்க வெளிய அனுப்புறது?”

மாமனின் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். தட்டச்சரின் விரல்கள் நின்றுவிட்டன.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. ஒருத்தியை விலக்க அவளிடமே சம்மதம் கேட்கிற சட்டம்! எத்தனை பெரிய மேதைகள் கூடி எழுதினாலும் இது தோன்றியிருக்குமா?)

5

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். வீடு போகிறது, நிலம் நிற்கிறது.

முடிவு இரண்டு: மறுக்கிறாள். வீடு நிற்கிறது. நாற்பது பேரை ஒற்றையாளாகத் தடுத்தவள் என்ற பேரோடு அதில் படுத்துறங்க வேண்டும்.

முடிவு மூன்று: நீதிபதி கண்கலங்கி… சினிமா. அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். நீதிபதி காகிதத்தை அவளிடம் கொடுக்கச் சொன்னார். அவள் நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் படித்தாள். மாமன் தன் பேனாவை நீட்டினார்.

“போடு, போடாம இரு. நீயும் சொன்னாத்தாம்மா அது நம்ம பேச்சு.”

பேனாவை வாங்கிக்கொண்டாள்.

இதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும், அவளைக் கேட்காமல் அவளுக்காக முடிவெடுத்த முதல் ஆள் நானாகிவிடுவேன்.