பக்கத்தின் உச்சியில் ஒரு வரி

பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஐயாயிரம் மில்லிகிராம் என்று அடித்தேன். திரையில் மருந்தளவுப் பெட்டி வெள்ளையாகவே இருந்தது. சிவந்துபோய், சேமிக்க விடாமல் முரண்டு பிடித்திருக்க வேண்டும். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் செய்த பெட்டி அது; எங்கள் பாஷையில் கன்ட்ரோல். மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து தலைமை நர்ஸ் பார்க்க வருகிறார்.

நிரலில் பெட்டி இருந்த இடத்தில் ஓரெழுத்துகூட மாறவில்லை. பக்கத்தின் உச்சியில்தான் கைவைத்திருந்தார்கள். கன்ட்ரோல்களை எந்த நேம்ஸ்பேஸிலிருந்து, அதாவது யாருடைய தொகுப்பிலிருந்து, எடுக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. இப்போது என்னுடையதை விட்டுவிட்டு சித்தப்பாவின் பழைய நேம்ஸ்பேஸைக் காட்டியது. அங்கேயும் அதே பெயரில் ஒரு பெட்டி உண்டு. எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும் அப்பாவி. கேட்ட பெயர் கிடைத்துவிட்டதால் கம்ப்யூட்டரும் வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பா எனக்கு உறவில்லை. குழுவில் வயதில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் சித்தப்பா. அவருடைய பெட்டியைத் தூக்கிவிட்டு என்னுடையதை வைத்த அன்று, "நல்லா இருக்கும்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்தே எனக்கு அவர்மேல் ஒரு கண். என் முதுகுக்குப் பின்னால்தான் அவர் இருக்கை. சாப்பிடப் போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போகும் வழக்கமும் எங்களில் யாருக்கும் கிடையாது.

நேராக டீம் லீடரிடம் போனேன். சித்தப்பாவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிப்பது லீடர் கையில் என்று தெரிந்தேதான் போனேன்.

"வேணும்னே பண்ணியிருக்கார்" என்றேன்.

லீடர் சித்தப்பாவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நான் திரும்பி வந்து வரியைச் சரிசெய்தேன். கையோடு ஆதாரமும் இருக்கட்டும் என்று, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். நேற்று காலை பதினொன்று பத்து. என் பெயர். அதே மாற்றத்தில் அச்சிடும் பொத்தானும் இருந்தது. அந்தப் பொத்தானுக்காக சித்தப்பாவின் பக்கத்திலிருந்து, உச்சி வரிகளையும் சேர்த்து வாரிக்கொண்டுவந்து ஒட்டியது நான்தான்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சித்தப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். நர்ஸ் வந்து போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேவலமாக இருந்தது. இருந்தும் நாற்காலியை விட்டு எழவில்லை.

நர்ஸ் வந்து அடித்துப் பார்த்தார். பெட்டி சிவந்தது. யார் செய்தது என்று கேட்டார், லீடர் என்னைக் காட்டினார். நர்ஸ் கிளம்பியதும் சித்தப்பாவின் மேசைக்குப் போனேன்.

தண்ணீர் பிடிக்க பாட்டிலோடு பாதி எழுந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். கீபோர்டில் இரண்டு விசைகளை அழுத்தினார்.

"சொல்லும்மா."

திரையில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி மட்டும் வெள்ளையாக நின்றது.