நான்காவது இடம்

அன்று காலை கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்ப மனையருகே இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தம்பி. என் மகன். நகர அலுவலகத்திலிருந்து பதிவேட்டோடு வந்திருந்த ஒரு பெண். குழி தோண்டுவதும் கல் பதிப்பதுமாக நாற்பது வருஷத்தை அங்கேயே கழித்துவிட்ட பெரியவர். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாவது ஆள் யாரும் இல்லை. நேரில் பார்த்ததாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எவரும் அன்று அந்தப் பக்கம் வரவே இல்லை.

பழைய பதிவேடுகள் பாதி கரையான் அரித்தும் பாதி ஈரத்தில் ஊறியும் போய்விட்டதால், எல்லாக் கல்லறைகளையும் புதிதாக அளந்து எழுத நகர அலுவலகம் முடிவு செய்திருந்தது. குடும்பத்தில் மூத்தவர் வந்து, எந்த இடத்தில் யார் இருக்கிறார், எது காலி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி ஒரு நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கிப் பார்ப்பார். எழுதியதும் மண்ணில் இருப்பதும் ஒத்துப்போனால் பதிவு முடிந்தது. ஒத்துப்போகாமல், உள்ளே இருப்பவருக்கு யாரும் பொறுப்பேற்காமலும் போனால், அடையாளம் தெரியாதது என்று குறித்துக்கொண்டு, எடுத்துப் பொதுக்குழியில் சேர்த்துவிடுவார்கள். விதி அது. விதியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான்.

எங்கள் மனையில் ஆறு இடங்கள். என் தந்தை வாங்கி, யாருக்கு எது என்று அவரே வரைபடம் போட்டு வைத்தார். முதலிடம் அவருக்கு, இரண்டாவது என் தாய்க்கு, மூன்றாவது என் மனைவிக்கு, நான்காவது எனக்கு, ஐந்தாவது கல்யாணமே செய்துகொள்ளாத என் தம்பிக்கு. ஆறாவது தண்ணீர்க் குழாயை ஒட்டி இருக்கிறது. எப்போதும் சேறு. அதை யாருக்கென்றும் அவர் எழுதவில்லை. என் மனைவி மூன்றாவது இடத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அந்தப் பெண் படிவத்தை நீட்டினாள்.

"கம்பி போட்டுப் பார்த்ததுக்கு அப்புறம் கையெழுத்துப் போட்டாப் போதும் ஐயா. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

"எங்க வீட்டு மனையில யார் இருக்காங்கன்னு கம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாம்மா?"

"அதுக்கில்லைங்க. சில சமயம் மாறியிருக்கும்."

தம்பி சிரித்தான். "அண்ணன் கையெழுத்துப் போட்டா போட்டதுதான்மா. சூரியன் கூட ஒரு நாள் லேட்டா வரும்."

"அப்பா, கொஞ்சம் பொறுங்களேன்" என்றான் மகன்.

"எதுக்கு?"

அவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி சுத்தமாக இருந்த கம்பியைத் துணியால் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். ஏனென்று யோசிக்கவில்லை. மூன்று இடங்களில் மூன்று பேர், நான்கு ஐந்து ஆறு காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேஸ்திரி முதல் மூன்றையும் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு ஐந்தாவதற்கு நடந்தார்.

"நாலை விட்டுட்டீங்களே மேஸ்திரி" என்றேன்.

"அது ஐயாவோட இடம். ஐயாதான் இங்கேயே நிக்கிறீங்களே."

"நான் நின்னா என்ன? போடுங்க."

அவர் என் மகனைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கம்பியை இறக்கினார். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. சாவிக்கொத்தைத் தகரத்தில் போட்ட மாதிரி ஒரு சத்தம் வந்து கம்பி நின்றது.

"காலின்னு எழுதியிருக்கீங்களே ஐயா" என்றாள் பதிவுக்காரப் பெண்.

"கல்லா இருக்கும்" என்றான் தம்பி.

"கல்லு இல்லீங்க" என்றார் மேஸ்திரி.

மகன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா. அது அக்கா."

எனக்கு ஒரு மகள் இருந்தாள். இவனுக்கு மூத்தவள். வாய் ஓயாமல் பேசுவாள். வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு இருபத்தைந்து வயதில் நான் ஒரு நல்ல இடம் பார்த்தேன். பேசி முடிக்க அந்த வீட்டார் வந்த அன்று, அவள் பின்வாசல் வழியாகப் போய் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். வந்தவர்கள் எங்கள் கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுந்து போன பிறகு இனி இந்த வீட்டில் அவள் பேச்சு இல்லை என்று சொன்னேன். அப்படியே இருந்தது. ஆறு வருஷம் கழித்து, ரத்தத்தில் ஏதோ நோய் வந்து, முப்பத்தொரு வயதில் போய்விட்டாள். அந்த மெக்கானிக் பையன் எங்கள் வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, குடும்ப மனையில் ஓர் இடம் கேட்டான். நான் கதவைத் திறக்கவில்லை. கல்லறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அவளை வடக்குச் சுவரோரம் பொது வரிசையில் வைத்தார்கள். என் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. போகக் கூடாது என்று சொன்னவன் நான். இருபது வருஷம் ஆகிறது.

பொது வரிசையில் பன்னிரண்டு வருஷம்தான் விடுவார்கள். பிறகு மண்ணைக் கிளறி, எலும்பை உறவினர் எடுத்துக்கொள்ளும்படி நோட்டீஸ் அனுப்புவார்கள். அந்தப் பையன் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தான். நோட்டீஸ் திரும்பி வந்து, பழைய காகிதத்தில் என் முகவரி இருந்ததால் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நான் அந்த வாரம் கண் அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வாங்கிப் படித்தது என் மனைவி.

மேஸ்திரி கையாலேயே மண்ணை விலக்கினார். ஒரு தகரப் பெட்டியின் மூடி தெரிந்தது. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பெட்டி. மூடியில் எங்கள் குடும்பப் பெயர் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. அவள் மூன்றாம் வகுப்பு சேர்ந்தபோது நான் எழுதியது. துரு ஏறியும் எழுத்து அழியவில்லை. பரணில் இருந்த அந்தப் பெட்டி எங்கே என்று ஒரு நாள் கேட்டேன். துருப்பிடித்துவிட்டது, கொடுத்துவிட்டேன் என்றாள் என் மனைவி.

"யார் கொண்டுவந்தது?" என்று மகனைக் கேட்டேன்.

"நானும் அம்மாவும். மேஸ்திரி குழி தோண்டிக் கொடுத்தார்."

"கனமா இருந்துச்சா?"

"இல்லப்பா. அம்மாவே தூக்கிட்டு வந்தாங்க. அந்தச் சுவர்லேருந்து இது வரைக்கும். நான் கேட்டேன், மேஸ்திரி கேட்டார். கொடுக்கல."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டது அந்தக் கைதான். கை ஏன் இப்படி நடுங்குகிறது, சரியாக விடு என்று அதட்டினேன். சரிங்க என்றாள்.

பதிவுக்காரப் பெண் எங்கள் கோப்பைப் புரட்டி ஒரு பழைய காகிதத்தை எடுத்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது நீங்க எழுதின கடிதமா ஐயா?"

"படிங்க."

"பரவாயில்ல ஐயா, நீங்களே பாருங்க."

"படிங்கம்மா."

அவள் தாழ்ந்த குரலில் படித்தாள். "மேற்படி நபர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. எங்கள் மனையில் அவருக்கு எவ்வித உரிமையும் இல்லை. எங்கள் குடும்பப் பெயரை அவரது கல்லில் பொறிக்கவும் அனுமதிக்கக் கூடாது."

"என் கையெழுத்துதான்" என்றேன்.

"ரொம்ப அழகான கையெழுத்து" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னாள்.

மகன் முன்னால் வந்தான். "நான் பொறுப்பேத்துக்கறேங்க. என் பேர்ல எழுதிக்குங்க."

"மூத்தவர் இருக்கும்போது முடியாதுங்க. அதோட, இந்தக் கடிதம் இருக்கு. எழுதினவரே ரத்து செஞ்சாத்தான் உண்டு. இல்லன்னா நான் அடையாளம் தெரியாததுன்னுதான் போடணும். ரெண்டு நாள்ல ஆள் வந்து எடுத்துடுவாங்க."

தம்பி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"போடட்டும்ணே. நமக்கென்ன தெரியும்? பெட்டி, யாரோ வச்சாங்க, முடிஞ்சுது. இருபது வருஷம் தலை நிமிர்ந்து நடந்தாச்சு. இப்ப போய் நீங்க உங்க எழுத்தையே அடிச்சீங்கன்னா நாளைக்கு நாலு பேர் சிரிக்க மாட்டானா?"

"சித்தப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"நீ பேசாதடா. திருட்டுத்தனமாக் கொண்டுவந்து புதைச்சவன் நீ. உங்கப்பன் படுக்கற இடத்துல."

"அக்கா ஒண்ணும் திருட்டுச் சாமான் இல்ல."

"வாயைப் பாரு. அவகிட்டேருந்து ஒட்டிக்கிட்டது."

மேஸ்திரி எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

நான் என் மனைவியின் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவதற்கு முந்தைய ஆறு வருஷமும் மாதம் ஒரு முறை என்னோடு இங்கே வருவாள். நான் என் தாய் தந்தை கல்லைத் துடைப்பேன். அவள் அதற்கு வரமாட்டாள். நேராக நான்காவது இடத்துக்குப் போய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு களையாகப் பிடுங்குவாள். ஒரு நாள் கேட்டேன், என்ன, நான் வர்றதுக்கு முன்னாடியே என் இடத்துல உட்கார்ந்துட்டியா என்று. இப்பவே பிடிச்சு வச்சாத்தானே உண்டு, அப்புறம் யாராவது வந்துட்டா என்றாள். நான் சிரித்தேன். பல முறை அதையே சொல்லிச் சிரித்திருக்கிறேன், நின்ற இடம் எதுவென்று தெரியாமல். அவளும் கூடவே சிரித்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன் மகனிடம்.

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"எடுத்திருப்பேன்" என்றேன்.

பதிவேட்டைக் கேட்டேன். பதிவுக்காரப் பெண் அந்தப் பக்கத்தைத் திறந்து பேனாவைக் கொடுத்தாள். முதலில் கடிதத்தை வாங்கினேன். மூன்று வரியையும் ஒவ்வொன்றாக அடித்தேன். ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். காலி என்று அரை மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுத்ததையும் அப்படியே அடித்தேன். பணியில் இருந்த காலத்தில் ஓர் அடித்தல் கூட இல்லாதவன் ஒரே காலையில் நாலு வரி அடித்தேன். பேனா ஓடத் தாமதமானது. அவ்வளவுதான்.

"ஐயா, இன்னொண்ணு சொல்லணும்" என்றாள் அந்தப் பெண். "இப்படி ஒரு பெட்டி இருக்குன்னு பதிஞ்சா, அந்த இடத்தைத் திரும்பத் தோண்ட முடியாது. உங்களுக்கு உங்க வீட்டம்மா பக்கத்துல இடம் இல்லாமப் போயிடும். வேணும்னா பெட்டியை ஆறாவது இடத்துக்கு மாத்திக்கலாம். இப்பவே செஞ்சுடலாம், பத்து நிமிஷ வேலை. உங்க சம்மதம் இருந்தாப் போதும்."

குழாயடிச் சேற்றைத் திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரி அங்கேதான் நின்றார்.

"மாத்திடலாம்ணே" என்றான் தம்பி. "அவளுக்கும் இடம் ஆச்சு, உங்களுக்கும் இடம் ஆச்சு. அண்ணி பக்கத்துல நீங்கதானே இருக்கணும்."

"அவங்க அம்மா தூக்கிட்டு வந்து வச்ச இடம்" என்றேன். "எடுக்க வேண்டாம். ஆறு எனக்குன்னு எழுதிக்குங்கம்மா."

"அது சேறு ஐயா."

"தெரியும்."

பதிவுக்காரப் பெண், பெட்டியில் இருப்பவளின் முழுப் பெயரைக் கேட்டாள். சொன்னேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வந்தது. பாதி வந்ததும் நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள். சொன்னேன். இறந்த தேதி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வருஷம் தெரியும், மழைக்காலம் என்று தெரியும், தேதி தெரியவில்லை. மகன் சொன்னான். இறந்தபோது உடன் இருந்தவர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் அவனே சொன்னான்: கணவர், ஒரு நர்ஸ். அந்தக் கட்டத்தில் எழுத எங்கள் வீட்டாரில் ஒரு பெயர் கூட இல்லை.

மேஸ்திரி மண்ணை மூடினார். மட்டம் தட்ட மண்வெட்டியை எடுத்தபோது, வேண்டாம் என்று சொல்லி நானே கையால் தட்டினேன். குனிந்தால் எழ முடியாத முதுகு. மகன் பிடித்துத் தூக்கினான். தம்பி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டிருந்தான்.

எனக்கு நினைவு தடுமாறிவிட்டது என்றும், மகன் கையைப் பிடித்து எழுத வைத்தான் என்றும், என்ன காகிதம் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றும் சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அன்று திங்கட்கிழமை, பதினொன்றரை மணி. ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். உறவுமுறை என்ற கட்டத்தில் மகள் என்று எழுதியிருப்பது என் கை.