சாணி கேஸில் வெந்த களி

மாமனார் பச்சியப்பன் தட்டை நகர்த்தி வைத்தார். களி உருண்டையிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"சாணி நாத்தத்துல வெந்தத நான் தின்னமாட்டேன். அந்தக் குழிய மூடு. பழையபடி வெறகு வெச்சு ஆக்கு."

நஞ்சம்மாள் புது அடுப்பின் குமிழைத் திருகி அணைத்தாள். மாசியில் விறகு பொறுக்கப் போனபோது வனக்காவலர் அவள் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு, அந்தி வரை வெயிலில் உட்காரவைத்திருந்தார். வீடு திரும்பியவளிடம் மாமனார் கேட்டது, "வெறகு எங்க?" அதற்கு முன்பே பாப்பாரப்பட்டி டாக்டர், இன்னும் புகையில் வெந்தால் கண் தாங்காது என்று சொல்லியிருந்தார். மறுநாளே கிராம சேவகரிடம் போய் சாண எரிவாயுவுக்கு மனு எழுதிக்கொடுத்தாள். கணவன் பெரியண்ணன், "அப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றான். அவள் கேட்கவில்லை. கொத்தனார் அளந்து கோடு போட்ட இடத்தில் குழியைத் தானே வெட்டினாள். இடுப்பளவுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பன்னிரண்டு நாள் கடப்பாரை போட்டாள். கொப்புளம் உடைந்த கையோடுதான் மாடும் கறந்தாள். கட்டி முடித்த குழியில் சாணியைக் கரைத்து ஊற்றி மூன்று வாரம் காத்திருந்தாள். இன்று காலையில்தான் குழிமேல் கவிழ்த்திருந்த இரும்புத் தொட்டி வாயு நிரம்பி மேலே எழும்பியிருந்தது.

"மூடமாட்டேங்க மாமா."

"அப்ப உங்கப்பன் வூட்டுக்குப் போயிரு."

"போறேங்க. ரெண்டு மாடும் எங்கப்பன் ஓட்டியாந்து வுட்டது. அதுங்களையும் ஓட்டிக்கிட்டுத்தான் போவேன்."

குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பச்சியப்பன் மகனைப் பார்த்தார்.

"கேட்டியாடா, உம் பொண்டாட்டி பேசறத?"

பெரியண்ணன் சாப்பிட உட்காருமுன் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தான். இன்னொரு செம்புத் தண்ணீரை மொண்டு கையில் ஊற்றினான்.

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து, வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார். நான்கு சுள்ளிகளைப் பொறுக்கி மூன்று கல்லுக்கு நடுவில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். நேற்றைய மழையில் நனைந்த சுள்ளி. புகைந்ததே தவிரப் பற்றவில்லை. குனிந்து ஊதியவருக்கு இருமல் வந்தது.

கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில், ஆண்கள் சாப்பிட்டு எழுவதற்கு முன் நஞ்சம்மாள் ஒரு வாய் தின்றதில்லை. மாமனார் நகர்த்திய தட்டைத் தன் பக்கம் இழுத்து, நடுவீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். களியைக் கிள்ளிக் கீரைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். இன்னொரு தட்டில் ஒரு உருண்டையை வைத்து, கணவன் உட்காரும் இடத்துக்கு எதிரே தள்ளினாள்.

பெரியண்ணன் வாசற்படியில் நின்றான். முதுகுக்குப் பின்னால் அப்பாவின் இருமல். கழுவிய கையிலிருந்து தண்ணீர் படிக்கல்லில் சொட்டிக்கொண்டிருந்தது.