குங்குமச் சிவப்பில் ஒரு கோடு

1.

நவம்பர் 18, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு: பைக்கில் போன் ஹோல்டர் மாட்டிவிட்டு, கோடு போட மறந்துவிட்டாள்.

இந்தக் கதை அந்த டைரி வரியிலிருந்துதான் கிளம்பியது. மாலையில் கதை எழுதும் வகுப்பு எடுக்கும் உஷாராணி மேடம், “தினம் ஒரு வரியாவது எழுதுங்க. உங்களைப் பத்தி எழுதக் கூச்சமா இருந்தா, வேற யாரோன்னு நினைச்சு எழுதுங்க” என்று சொல்லியிருந்தார். எனக்குக் கூச்சம் அதிகம். அதனால் இதில் வருபவள் பிரவீனா.

[கோடு என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில் மூன்றாம் பக்கத்தில்தான் சொல்லியிருந்தேன். வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை. ஹேண்டில்பாரோடு ஹோல்டரைப் பிடித்திருக்கும் கிளாம்பில் ஒரு போல்ட் உண்டு. அதை அலன் கீயால் முறுக்கி முடித்ததும், போல்ட்டின் தலையிலிருந்து கிளாம்ப் வரை ரோஸ் நிற நெயில் பாலிஷால் பிரவீனா ஒரு கோடு இழுப்பாள். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அவள் வேலை செய்யும் பைக் உதிரிபாகக் கடைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: ‘கோடு ஒன்றாக இருக்கும்வரை போல்ட்டில் கை வைக்காதீர்கள்.’]

2.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில், பனி மூட்டமாக

[விட்டுவிட்டேன். அன்று பனியே இல்லை.]

அவன் வந்தபோது கடையில்

[அவன் இல்லை, அவர். நாற்பது வயதிருக்கும்.]

கெங்கவல்லியிலிருந்து இளவழகன் பெரிய பைக்கில் வந்து இறங்கினார். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் சுருட்டிக் கட்டிய கூடாரம். கன்னியாகுமரி வரை போய்விட்டு, திரும்பும்போது ஏற்காடு ஏறிப் பார்த்துவிட்டு வீடு சேர்வது அவர் திட்டம்.

“போன் விழாதுல்ல? எனக்கு வழியே தெரியாதுங்க, எல்லாம் அதுதான்” என்றார்.

“போன் உழுந்தாப் பரவால்லீங்க. அதைப் புடிக்கிறேன்னு கைய உடுவீங்க பாருங்க, அதுதான் ஆபத்து” என்றாள் பிரவீனா.

போல்ட்டை விரலால் திருகிவிட்டு, அவரை வண்டியில் உட்கார வைத்து, போனின் சாய்வு சரியா என்று பார்க்கச் சொன்னாள். அப்போதுதான் நெயில் பாலிஷ் நினைவு வந்தது. பையில் இல்லை, வீட்டிலேயே விட்டுவிட்டாள். அவள் உள்ளே போய் மேசை இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே வெளியே வண்டி உறுமியது. எட்டிப் பார்த்தாள். இளவழகன் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

3.

புதன்கிழமை வகுப்பில் இதையே கதையாக எழுதினேன். “கதையில நடக்காததையும் நடத்திக்கலாம்” என்று மேடம் சொன்னதால், விட்டுப்போனதைச் சரிசெய்தேன்: ‘பிரவீனா கோடு போட்டாள். இடப்பக்கம் சற்றே சாய்ந்த, குங்குமச் சிவப்பில் ஒரு கோடு.’ ரோஸ் என்று எழுதினால் சப்பென்று இருந்தது. வாசித்தபோது இரண்டு பேர் கைதட்டினார்கள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இன்று, சனிக்கிழமை மதியம், பிரவீனா இளவழகனுக்கு போன் செய்தாள். அவர் திரும்பும் வழியில் புதுச்சத்திரத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தார்.

“சார், அன்னைக்குக் கோடு போடாம உட்டுட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க.”

“யார் சொன்னது? கோடு இருக்கே!”

“இல்லீங்க, நான் போடவே இல்லீங்க.”

“அட, நல்லா பளிச்சுனு இருக்குதும்மா. வியாழக்கிழமைதான் கவனிச்சேன். போட்டோ அனுப்புறேன், பாருங்க.”

“எதுக்கும் ஒருக்கா போல்ட்டைத் தொட்டுப் பாருங்க சார்.”

அவர் சிரித்தார். “கோடு இருந்தா கை வைக்காதேன்னு செவுத்துல எழுதி வச்சதும் நீங்க, இப்ப கை வைன்னு சொல்றதும் நீங்களா? நாளைக்குக் காலையில ஆறு மணிக்கெல்லாம் உங்க கடையத் தாண்டிடுவேன். போனை அணைச்சு சார்ஜ்ல போடணும், மலையில மேப் ஓடணும்ல.”

4.

போட்டோ வந்தது. போல்ட்டின் தலையிலிருந்து கிளாம்ப் வரை ஒரு கோடு. பிரவீனாவுக்கு இடதுகைப் பழக்கம். அவள் இழுக்கும் கோடு எப்போதும் இடப்பக்கம் சாயும். இதுவும் சாய்ந்திருந்தது.

நிறம் மட்டும் ரோஸ் இல்லை. குங்குமச் சிவப்பு.

கடையில் அந்த நிறத்தில் பாட்டில் கிடையாது. வீட்டிலும் கிடையாது. அந்தச் சிவப்பு இருந்தது ஒரே இடத்தில்தான்.

வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தாள். கோட்டு வாக்கியத்துக்கு மேலே ஒரு வாக்கியம் அடிக்கப்பட்டிருந்தது.

[அடித்தது: நான்காம் நம்பர் அலன் கீயால் போல்ட்டை இறுக்கமாக முறுக்கினாள்.]

அழகாக இல்லை என்று நான்தான் அடித்தேன். அடித்த வாக்கியத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது: செவ்வாய்க்கிழமை பிரவீனா மறந்தது கோட்டை மட்டும் அல்ல. விரலால் திருகியதோடு சரி. அலன் கீயை அவள் கையில் எடுக்கவே இல்லை.

ஆக, எழுதியது வந்துவிட்டது. எழுதாமல் விட்டது வரவில்லை. நாலுவழிச் சாலையில் இவ்வளவு நாள் எப்படியோ தாங்கிய போல்ட், நாளை இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்க வேண்டும். அதன் மேல், எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டு ஒரு கோடு.

‘சார், போல்ட் லூஸ். மலை ஏறாதீங்க’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒற்றை டிக். அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

5.

கடைக்காரர் சரவணமுத்துவிடம் போட்டோவைக் காட்டினாள்.

“கோடு இருக்குதுல்ல சாமி, அப்பறம் என்ன?”

“நான் போடலீங்ணா. நம்முளுது ரோஸுங்க, இது செவப்பு.”

“ரோஸோ செவப்போ, பேயே வந்து போட்டாலும் நம்ம கடைக் கோடுதான். நாமளே லூசுன்னு சொன்னா நாளைக்கு எவன் வருவான்?”

“காலைல அஞ்சரைக்குக் கடை தொறக்கோணுமுங்க.”

“ஞாயித்துக்கெழமையா? நான் எந்திரிக்க மாட்டேன்.” சாவியைத் தூக்கி மேசையில் போட்டார். “நீயே தொறந்துக்க. ஷட்டர் சத்தத்துல அந்த நாயை எழுப்பிராத, அப்பறம் தெருவே என்னைத்தான் வையும்.”

[இவரைக் கெட்டவராக எழுதலாமா என்று யோசித்தேன். சாவியைக் கொடுத்துவிட்டார், எழுத முடியவில்லை.]

6.

முடிவு, ஒன்று: பதினோராவது வளைவில் போன் சாய்கிறது. இளவழகன் இடது கையை

[இதை முடிக்க மாட்டேன். முடிக்காத வாக்கியம் நடக்காது என்று நம்புகிறேன்.]

முடிவு, இரண்டு: பிரவீனா போல்ட்டை முறுக்கினாள் என்று எழுதுவது. ஐந்து சொற்கள்கூட இல்லை. எழுதிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் கதை கொடுத்த கோடு போட்டோவில் தெரிகிறது. கதை கொடுக்கும் இறுக்கம் எதில் தெரியும்? இன்னொரு போட்டோ வரும். அதிலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அதனால் இதற்கு முடிவு இல்லை. வாசிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்களாக ஒரு முடிவை மனதுக்குள் எழுதிவிடாதீர்கள். நல்ல முடிவுகூட வேண்டாம். காலை ஏழு மணி வரைக்காவது.

7.

நவம்பர் 23, ஞாயிறு. செய்ய வேண்டியது: ஐந்தரைக்குக் கடை முன்னால் சாலையில் நான் நிற்க வேண்டும். நான்காம் நம்பர் அலன் கீ, டார்ச், ரோஸ் பாட்டில். அவருக்கு போன் செய்யக் கூடாது. வண்டி ஓட்டும்போது அடித்தால் கண் அதில் போகும். கையைக் காட்டித்தான் நிறுத்த வேண்டும். முதலில் சிவப்புக் கோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு போல்ட்டை முறுக்க வேண்டும். கோடு கடைசியில்.