சம்பந்தி தலைக்கு மேல் ஒரு மீன்தொட்டி

1

இந்தக் கதை எனக்கு கிர்கிஸ்தானில், பிஷ்கெக் சந்தையில், மீன்தீனி வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் குளிர்த்தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, "சின்ன சம்ப் போதும்மா" என்று கடைக்கார ரைசாவிடம் வாதாடிக்கொண்டிருந்தார். பெரிய மீன்தொட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கிற இரண்டாவது தொட்டிதான் சம்ப். மேலே வழிகிற தண்ணீர் அதில் இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டாரில் மறுபடி மேலே ஏறும். நான் கண்டது இவ்வளவுதான். சாகின் என்ற பெயரும் மற்ற மனிதர்களும் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி பெய்த ஒரு மாலையில் சாகின் தனிமையை உணர்ந்து" — வேண்டாம். சாகின் மாதிரி ஆட்கள் தனிமையை உணர மாட்டார்கள். எதையாவது கழற்றி மாட்டுவார்கள்.

அடுத்தது: "அறுநூறு லிட்டர் தொட்டிக்கு நூறு லிட்டர் சம்ப்" — இது பள்ளிக்கூடக் கணக்கு.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். மகள் சோல்பானைக் கீழ்வீட்டுப் பையனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். கொடுத்துவைத்தவர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அந்த ஊர் வழக்கப்படி, மாமியார் வரிசையோடு அழைத்து வரும்வரை பெண் பிறந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. பெற்றவர்களும் கூப்பிடாமல் போய் நிற்கக் கூடாது. நடுவில் இருப்பது ஒரே ஒரு தளம். அவள் சிரிப்பது தரை வழியாகக் கேட்கும். அதைத் தாங்க முடியாமல்தான் சாகின் அவள் அறையில் மீன்தொட்டி வைத்தார். மோட்டார் இரைந்தால் வேறெதுவும் காதில் விழாது.

3

"அண்ணே, கரண்ட் போனா மோட்டார் நின்னுடும். மேல வழியற தண்ணி, குழாயில இருக்கற தண்ணி, எல்லாம் கீழதான் வரும். அதுக்கு இடம் வேணும்ல? பெருசா எடுத்து, பாதி மட்டும் நிரப்புங்க" என்றாள் ரைசா.

"பெருசு எங்க அலமாரிக்குள்ள நுழையாதும்மா."

தொட்டியைத் தாங்கிய அந்த அலமாரியில்தான், சோல்பான் வரும்போது கொடுத்தனுப்பச் சீர்மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய சம்ப் வைக்க அதன் நடுப்பலகையை அறுக்க வேண்டும். சாகின் சின்னதையே வாங்கி வந்து விளிம்புவரை நிரப்பினார்.

மனைவி புருல் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, விருந்தாளிக்கு இப்படித்தான் தளும்பத் தளும்ப டீ ஊத்துவீங்களா? குடிச்சிட்டு நடையைக் கட்டுன்னு சொல்ற மாதிரி. பாதி ஊத்தினாத்தானே இன்னும் இருன்னு அர்த்தம்?"

"இது டீயா புருல், மீனுக்குத் தண்ணி."

"கரண்ட் போனா?"

"துடைச்சுக்கலாம்."

"இல்ல, ஒழுகட்டும்னே வச்சிருக்கீங்களா? சம்பந்தியம்மா சண்டைக்கு மேல வருவாங்க, பின்னாலயே மகளும் வருவான்னு?"

சாகின் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

[இந்த இடத்தில் எனக்கும் சந்தேகம்தான். ரைசா சொன்னது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.]

"அவங்க உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க" என்றாள் புருல். "உங்கப்பன் பண்ணின காரியத்தைப் பாருன்னு அவளைத்தான் கேப்பாங்க. தண்ணி சீலிங்ல விழாதுங்க, நம்ம புள்ள தலையில விழும்."

சாகின் ரம்பத்தை எடுத்தார். 'பலகையை அறுக்கும்போது அழுதார்' என்று எழுதி அடித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அழுதார்தான்.

4

சின்ன சம்ப்புக்கு ஒரு முடிவு தயாராக வைத்திருந்தேன். ஒழுகும் தண்ணீர், வாளியோடு மாடி ஏறும் சம்பந்தியம்மா, அவருக்கு நல்ல நல்ல வசனங்கள். பெரிய சம்ப் வந்து அதையெல்லாம் கெடுத்தது.

மிச்சம் இருப்பது இதுதான். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. சாகினும் புருலும் அலமாரிக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார்கள். சம்ப்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. தரையில் சொட்டு ஈரமில்லை.

அப்போதுதான் அது கேட்டது. கீழ்வீட்டில் யாரோ வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டினார்கள். சுவர் வழியாக எல்லா வீட்டுக்கும் ஓடும் குழாய் அது. மேல்வீட்டுச் சத்தம் பொறுக்காமல் இங்கே எல்லாரும் தட்டுவதுதான்.

"சம்பந்தியம்மாவா இருக்கும். மோட்டார் சத்தம் தாங்கலையோ என்னவோ" என்றாள் புருல்.

"மோட்டார்தான் நின்னுபோச்சே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி, கீழேயிருந்து மெல்லத் தட்டும் சத்தம்.

"நம்ம புள்ள இத்தனை நாளும் தட்டியிருப்பாளோ?" என்றார் சாகின். "நாமதான் கேக்கலையோ?"

புருல் சமையலறைக்கு ஓடிப் போய் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

[கரண்ட் எப்போது வரும் என்பது என் கையில்தான் இருக்கிறது. நான் அதை எழுதப் போவதில்லை. சம்பந்தியம்மா கீழே சோல்பான் பக்கத்தில் நிற்கிறாரா என்பதையும் எழுதவில்லை. உங்கள் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கரண்டி சாகின் கையில் இருக்கிறது, குழாய் எட்டும் தூரத்தில்தான்.]