குரங்கணிக்கு மேலே ஒரு பெட்டி

நாத்தனார் ஜன்னத்தைப் பெண் கேட்டுக் கம்பம் ஊரிலிருந்து ஆட்கள் வருகிற நாளில்தானா மலை லைன் செத்துப்போக வேண்டும்?

தஸ்னீம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்தாள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்தாகிவிட்டது. அங்கே அவளுக்கு இடமில்லை. மாமியார் ரஹ்மத்துன்னிசா சமோசாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அவர்கள் வந்துவிடுவார்கள்.

தஸ்னீமும் அவள் கணவன் சல்மானும் யோகராஜ் நடத்தும் இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவள் போடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் லைன்களைக் கவனிப்பாள். அவன் டவரேறிக் கம்பி இழுப்பான். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து முகட்டில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. சுற்றுத் தோட்டங்கள் அத்தனைக்கும் அங்கிருந்துதான் லைன். பள்ளத்தில் இருக்கிற தோட்டங்களில் செல்போன் எடுக்காது. ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரியைக் கூப்பிடுவதென்றாலும் இந்த லைன்தான். அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது.

"உன் புருசன் எங்க போயிக்கிட்டிருக்கான்?" என்றார் மாமியார்.

"குரங்கணி வரைக்கும் போகச் சொன்னாரு மாமி, யோகராஜ் அண்ணே. நான் இங்கன இருந்தே சரி பண்ணிட்டா திரும்பிருவாரு."

"பண்ணலைன்னா?"

தஸ்னீம் லேப்டாப்பைத் திறந்தாள். ஜீப்பில் பாதி, நடையில் மீதி. மேலே ஏறிவிட்டால் இருட்டுவதற்குள் அவன் இறங்க முடியாது.

"அத்தா இல்லாத புள்ள. சபையில தகப்பன் எடத்துல உக்காந்து சரின்னு சொல்றதுக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றார் ரஹ்மத்துன்னிசா. கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

போன தடவை அவர்கள் வந்தபோதும் சல்மான் மலைமேல்தான் இருந்தான். "தங்கச்சியை விட டவரு பெருசாப் போச்சோ?" என்று கேட்டுவிட்டுப் போனார் மாப்பிள்ளையின் அம்மா. இந்தத் தடவையும் அவன் இல்லையென்றால் இனி வரவே மாட்டார்கள். அன்றைக்கு அவனை மலைக்கு அனுப்பியது தஸ்னீம்தான். ஜன்னத் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

அந்தக் கொட்டகையில் கன்சோல் பெட்டி என்று ஒன்றைச் சல்மான் மழைக்கு முன்னால் மாட்டியிருந்தான். மலை லைன் அறுந்தாலும் தனக்கென்று ஒரு சிம் கார்டை வைத்துக்கொண்டு அது மட்டும் விழித்திருக்கும். முகட்டில் மெலிதாகக் கிடைக்கிற சிக்னல் அதற்குப் போதும். பெட்டியில் நாலு போர்ட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் ஒவ்வொரு மிஷினுக்குப் போகும். போடியிலிருந்தபடியே பெட்டிக்குள் நுழைந்து, வேண்டிய போர்ட்டைத் திறந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அந்த மிஷினோடு பேசலாம். முதல் போர்ட்டில் ரவுட்டர், கடைசிப் போர்ட்டில் பேட்டரி சார்ஜர் என்று சல்மான் சொல்ல, தஸ்னீம் பதிந்து வைத்திருந்தாள். மாட்டிய பிறகு அதற்கு வேலையே வரவில்லை. இன்றுதான் முதல் சோலி.

பெட்டிக்குள் சுலபமாகப் போய்விட்டாள். முதல் போர்ட்டைத் திறந்தாள். திரையில் கேள்விக்குறியும் கட்டமும் புள்ளியுமாகக் கொட்டியது.

போனில் யோகராஜ் காத்திருந்தார். "என்னம்மா சொல்லுது?"

"கிறுக்குப் பிடிச்ச மாதிரி எழுதுதுண்ணே."

"அப்ப ரவுட்டர் போச்சு. ராத்திரி இடி அப்படி. ஒரு ரீஸ்டார்ட் குடுத்துப் பாரு, கேக்கலைன்னா சல்மான் ஏறட்டும்."

தஸ்னீம் கட்டளையை அடித்தாள். கடைசிப் பொத்தானுக்கு மேலே விரல் நின்றுவிட்டது. கிறுக்கல் விட்டு விட்டு வந்தது. ஒரு வரி, சின்ன இடைவெளி, மறுபடி ஒரு வரி. ரவுட்டர் கேட்டால்தான் பேசும். கேட்காமலே இப்படி ஒரே சீராகப் புலம்புகிற மிஷின் அந்தக் கொட்டகையில் ஒன்றுதான் உண்டு.

அடித்ததை அழித்தாள். மிஷினுக்கு மிஷின் பேச்சு வேகம் வேறு. வேகம் பொருந்தாவிட்டால் இப்படித்தான் கிறுக்கும். போர்ட்டின் வேகத்தைச் சார்ஜரின் வேகத்துக்கு மாற்றினாள். கிறுக்கல் தெளிந்து பேட்டரியின் கணக்கு வரிவரியாக வந்தது. முதல் போர்ட்டில் இருந்தது ரவுட்டர் இல்லை, சார்ஜர்.

அந்தக் கட்டளையைச் சார்ஜர் அரைகுறையாக எடுத்துக்கொண்டிருந்தால்கூடக் கொட்டகை மொத்தமும் அணைந்திருக்கும், இந்தப் பெட்டியையும் சேர்த்து.

"அண்ணே, இருங்க. அவரு கூப்பிடுறாரு" என்று யோகராஜைக் காக்க வைத்துவிட்டுச் சல்மானின் அழைப்பை எடுத்தாள்.

"ஏ புள்ள, சுருளிவேல் அண்ணே ஜீப்பைக் கெளப்பிட்டாரு. இதுக்கு மேல சிக்னல் இருக்காது. ஏறவா, வேணாமா?"

"என்னங்க, அந்தப் பெட்டிய எப்படி மாட்டுனீங்க?"

"எப்படின்னா? நாலு ஆணி அடிச்சு நல்லாத்தான் மாட்டுனேன்."

"நேராவா?"

"நேரா எப்படி மாட்டுறது? மேல்பக்கம் பூரா காத்து ஓட்டை. தகரத்துல பனித்தண்ணி சொட்டிக்கிட்டே கெடக்கு. கவுத்துத்தான் மாட்டுனேன். மலைல எவனும் அப்படித்தான் மாட்டுவான்."

"போர்ட்டு நம்பரு?"

"அது தலைகீழாத் தெரிஞ்சுச்சு. அதுமேல டேப்பை ஒட்டி, எடதுல இருந்து ஒண்ணு ரெண்டுன்னு நானே எழுதிட்டேன்." சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கியது. "அடச்சே!"

பின்னால் ஜீப்பு ஹாரன் கேட்டது. "மாப்ளே, பொண்டாட்டிகிட்ட கொஞ்சுறத மேல போயி வெச்சுக்க. லோடு நிக்குது, வெரசா ஏறு!" என்று சுருளிவேல் சத்தம் போட்டார்.

அவன் முதல் என்று எழுதியது பெட்டிக்குக் கடைசி. அப்படியானால் ரவுட்டர் கடைசிப் போர்ட்டில். ஆனால் அது உயிரோடு இருக்கிறதா என்று அவள் இன்னும் பார்க்கவில்லை. இடியில் நிஜமாகவே போயிருந்தால், இந்த ஜீப்பை விட்ட பிறகு இன்று வேறு ஜீப்பு கிடையாது. அதற்குள் மேலே யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால்?

"ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க."

"நிக்க மாட்டாரு, புள்ள."

"அவரு கால்ல விழுந்தாவது நிறுத்துங்க!"

ரஹ்மத்துன்னிசா கத்தியைக் கீழே வைத்தார். தஸ்னீம் கடைசிப் போர்ட்டின் வேகத்தை ரவுட்டரின் வேகத்துக்கு மாற்றித் திறந்தாள். வெறும் கறுப்பு. என்டரைத் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள்.

ஒரு வரி வந்தது. ராத்திரி கரண்டு போய் வந்ததில் பாதியில் எழுந்த ரவுட்டர், மேற்கொண்டு போகட்டுமா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் இந்நேரம்வரை அப்படியே நின்றிருந்தது.

"போ, ராசா" என்று வாய்விட்டே சொல்லி, அதற்குரிய கட்டளையை அடித்தாள். வரிகள் கடகடவென்று ஓடின.

"ஏறாதீங்க. முழிச்சிருச்சு. வீட்டுக்கு வாங்க."

சுருளிவேல் ஏதோ திட்டியதும், ஜீப்பு உறுமிக்கொண்டு போனதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தோட்டத்து லைன்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. யோகராஜிடம் சொன்னதும் அவர் பெருமூச்சு விட்ட சத்தம் போனைத் தாண்டி அடுப்படி முழுக்கக் கேட்டது.

சல்மான் பைக்கில் வந்து குளித்து வெள்ளைச் சட்டை மாட்டி வெளியே வரவும், கம்பத்துக் கார் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் உட்கார்ந்ததும் அவனைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னப்பா, இன்னிக்கு டவரு லீவு விட்டுருச்சா?"

"டவரை என் வீட்டம்மா பாத்துக்கிட்டாங்க மாமி. நான் தங்கச்சியப் பாத்துக்க வந்துட்டேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, ஒரு சமோசாவை எடுத்துக்கொண்டார். கல்யாணப் பேச்சு அன்றைக்கே நல்லபடியாக முடிந்தது.

பாத்திரம் கழுவும்போது ஜன்னத் வந்து தஸ்னீமின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அதை எடுக்கவேயில்லை.

சல்மான் அடுப்படி வாசலில் தயங்கி நின்றான். "நாளைக்குப் போயி அந்தப் பெட்டிய நிமித்தி மாட்டிட்டு வந்துரவா?"

"வேணாம், தண்ணி எறங்கிரும்" என்றாள் தஸ்னீம். "அது கவுந்தே கெடக்கட்டும். இங்க கம்ப்யூட்டர்ல நான் போர்ட்டுப் பேரை மாத்தி எழுதிட்டேன்."